திருத்தணிச் சுனையும் என் முதல் மாணவனும்

மணவூரில் நான் இறங்கியது தவறுதலாகத்தான். வண்டி நின்றதும், எதிரே உட்கார்ந்து தூங்கி வழிந்தவரிடம் "இது திருத்தணிதானே?" என்று கேட்டேன். அவர் கண்ணைத் திறக்காமலே "ஆங்" என்றார். அந்தப் பக்கத்தில் "ஆங்" என்றால் ஆமாம் என்று அர்த்தம் என்று எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். தூக்கத்தில் இருப்பவர் "ஆங்" என்றால் "என்ன கேட்டீர்கள்?" என்று அர்த்தம் என்பதை யாரும் சொல்லவில்லை. பெட்டியை இறக்கி வைத்துப் புடவையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தேன். வண்டி போய்விட்டிருந்தது.

ஸ்டேஷனில் ஒரு வேப்பமரமும் ஒரு போர்ட்டரும் இருந்தார்கள். "திருத்தணிக்கு இன்னும் அரக்கோணம் தாண்டிப் போவணும்மா. அடுத்த வண்டி வரும். வராம எங்க போவுது?" என்றார் போர்ட்டர். பிறகு எங்கிருந்தோ நுங்குக் குலை ஒன்றைத் தூக்கிவந்து சீவிக் கொடுத்தார். எங்கள் நாகர்கோவில் பக்கத்து நுங்கை விடச் சிறியது, ஆனால் இனிப்பு அதிகம். விரலால் நோண்டிச் சாப்பிட்டுக்கொண்டே, நான் எதற்காக இவ்வளவு தூரம் வந்தேன் என்பதை நினைத்துப் பார்த்தேன்.

அப்போது எனக்கு நாற்பதை நெருங்கும் வயது. திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். யுத்தம் முடிந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்காரர்களுக்குச் சென்னை மாகாணம் பாதி வெளிநாடு. சக்கரம், காசு என்ற எங்கள் நாணயங்கள் அங்கே செல்லாது. எங்கள் தபால் தலையும் செல்லாது. அந்த வெளிநாட்டிலிருந்து ஒருவன் எங்களிடம் படிக்க வந்திருந்தான். முனிரத்தினம், திருத்தணிக்காரன், என் முதல் ஆராய்ச்சி மாணவன்.

கடலைப் பார்த்திராத பையன் கடல் உயிர்களைப் படிக்க வேண்டும் என்று வந்தான். பேச்சோடு பேச்சாக, தன் ஊர் மலையில் மழை பெய்து சுனைகளில் நீர் தேங்கினால் கண்ணாடி போல ஒரு பூச்சி மல்லாந்து நீந்தும் என்றான். நான் அவனைக் கடலிலிருந்து சுனைக்குத் திருப்பிவிட்டேன். அது பூச்சி இல்லை, ஒரு சிறிய இறால். எங்கள் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடி இறால் என்போம். மழைக்குப் பிறகு குட்டைகளில் தோன்றும். நீர் வற்றுவதற்குள் முட்டையிட்டுச் செத்துவிடும். முட்டைகள் காய்ந்த மண்ணில் மாதக்கணக்காகக் கிடந்து அடுத்த மழைக்குப் பொரிக்கும். முட்டை ஒருமுறை நன்றாகக் காய்ந்தால்தான் பொரிக்கும் என்பது எங்கள் ஊர்க் குட்டைகளை வைத்து நான் கண்டு எழுதியது. அந்தத் துறையில் நாலு பேருக்கு என் பெயர் தெரியும் என்றால் அந்த ஒரு கட்டுரையால்தான்.

ஐப்பசி மழைக்கு ஊருக்குப் போய்ச் சுனைகளைப் பார்த்து வருகிறேன் என்று கிளம்பிய முனிரத்தினம் பொங்கலுக்குப் பிறகும் வரவில்லை. என் கடிதங்களுக்குப் பதிலும் வரவில்லை. கோடை வந்துவிட்டது. "போனவன் போகட்டும். கல்லூரி திறந்ததும் அந்த இடத்துக்கு வேறு ஒருவனைப் போடுவோம்" என்றார் எங்கள் துறைத் தலைவர். என்ன நடந்தது என்று தெரியாமல் ஒரு பையனின் பெயரை அடிக்க எனக்கு மனம் வரவில்லை. நேரில் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

அடுத்த வண்டி வந்தது. இந்த முறை மூன்று பேரிடம் கேட்டுவிட்டு இறங்கினேன்.

திருத்தணியில் பாதிப் பலகைகள் தெலுங்கில் இருந்தன. குதிரை வண்டிக்காரர் குதிரையிடம் தெலுங்கிலும் என்னிடம் தமிழிலும் பேசினார். மொட்டைத் தலைகளில் சந்தனம் பூசிய குடும்பங்கள் தெருவெல்லாம் நடந்தன. சத்திரத்தில் ஓர் அறை கிடைத்தது. முகம் கழுவிவிட்டு, மலையின் பின்பக்கம் வயல்களுக்கு நடுவே இருந்த முனிரத்தினத்தின் வீட்டைத் தேடிப் போனேன்.

வாசலில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த அம்மாள் என்னைப் பார்த்து எழுந்தார். அவன் தாயார், கன்னியம்மா. நான் இன்னார் என்று சொன்னதும் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"வாத்தியார் ஐயா வரலீங்களா?"

"நான்தான் வாத்தியார்."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "டீச்சர் டீச்சர்னு சொல்லிகினே இருப்பான். நான் எதோ பெரிய மீசை வெச்ச ஆளுன்னு நெனச்சிகினு இருந்தேன்" என்றார். பிறகு முகம் மாறியது. "அவன் இல்லீங்களே. பொதட்டூர்பேட்டையில அவங்க பாவா ஊட்டுக்குப் போயிருக்கான். பெரியவளைக் குடுத்த ஊடு. அவன் எதுனா தப்பு பண்ணிட்டானா, டீச்சரம்மா?"

"தப்பு ஒன்றும் இல்லை. பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன்."

அவர் நம்பவில்லை. இரண்டு நாள் ரயிலில் வந்து ஒருவர் சும்மா பார்த்துவிட்டுப் போவார் என்றால் யார்தான் நம்புவார்கள்?

அரிசிக்கு ரேஷன் இருந்த காலம். எங்கள் ஊரில் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கைத் தின்று யுத்தத்தைக் கடந்தோம் என்றால் இவர்கள் கேழ்வரகில் கடந்திருக்கிறார்கள். ஒரு பெரிய களி உருண்டையும் வேர்க்கடலைத் துவையலும் புளிச்சக்கீரையும் தட்டில் வந்தன. நான் களியை மென்றேன். அது பல்லோடு ஒட்டிக்கொண்டு பேச விடாமல் செய்தது. கன்னியம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மெல்லக் கூடாதும்மா. கிள்ளி, கீரையில தொட்டு, முழுங்கணும்" என்று தன் கையால் உருட்டிக் காட்டினார். அடுத்த வாய் சரியாக இறங்கியது. கீரையின் காரம் காது வரை ஏறியது.

கை கழுவப் பின்பக்கம் போனபோதுதான் அதைப் பார்த்தேன். புங்கமர நிழலில் மண்சட்டிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் வாயிலும் லுங்கித் துணி இழுத்துக் கட்டியிருந்தது. ஒவ்வொன்றின் வயிற்றிலும் சுண்ணாம்பால் ஓர் எழுத்து.

"ஊருக்கு வந்த நாள்லேருந்து இதுங்களோடவே தான் கீறான். படிப்ப உட்டுட்டேன்றான், சட்டிய மட்டும் உட மாட்டேன்றான். தொறந்து பாருங்களேன்" என்றார் கன்னியம்மா.

கை துறுதுறுத்தது. ஆனாலும் திறக்கவில்லை. "அவன் வரட்டும். அவன் வேலையை அவன் இல்லாமல் நான் பார்ப்பது சரியில்லை" என்றேன்.

அன்று சத்திரத்துக்குத் திரும்பும்போது மனம் பாதி நிம்மதியாக இருந்தது. ஆராய்ச்சி பிடிக்காமல் போனவன் இல்லை இவன். பிறகு ஏன்?

மறுநாள் காலை பொதட்டூர்பேட்டை பஸ்ஸில் ஏறினேன். பெட்ரோல் கிடைக்காததால் அந்தப் பக்கத்து பஸ்கள் இன்னும் கரியில்தான் ஓடிக்கொண்டிருந்தன. பின்னால் அடுப்பு மாதிரி ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு, ஓர் ஆள் சக்கரத்தைச் சுற்றி ஊதிக்கொண்டே இருந்தான். எங்கள் ஊரிலும் இதே கதைதான், ஆனால் இங்கே வெயில் வேறு அடுப்போடு போட்டி போட்டது.

என் முன் சீட்டில் இரண்டு பெண்கள் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துத் தெலுங்கில் பேசினார்கள். பக்கத்தில் இருந்த நெசவுக்காரக் கிழவர் அதை எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

"தாலி இல்ல, மெட்டி இல்ல, கையில தோல் பை கீது. இது ஊசி போட வர்ற நர்ஸுன்றாங்க."

"இல்லை என்று சொல்லுங்கள்."

அவர் சொன்னார். பெண்கள் மறுபடி பேசினார்கள்.

"ஊசி போடறவங்க எல்லாருமே மொதல்ல இல்லன்னு தான் சொல்வாங்களாம்."

ஓர் ஏற்றத்தில் பஸ் முனகி நின்றுவிட்டது. ஆண்கள் இறங்கித் தள்ளினார்கள். பெண்கள் இறங்கி நடந்தோம். பஸ் மட்டும் நகரவில்லை. கரி ஈரம் என்றார் டிரைவர். எல்லோரும் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்தோம். தெலுங்குப் பெண்களில் ஒருத்தி, ஊசி பயத்தையும் மீறி, எனக்கு ஒரு மாம்பழம் கொடுத்தாள்.

கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து துணி மூட்டை ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று வந்தது. பொதட்டூர்பேட்டையில் நெய்த லுங்கிகள் ரயிலேறத் திருத்தணிக்குப் போகின்றன என்றார் கிழவர். வண்டியை ஓட்டி வந்தவர் பஸ்ஸைப் பார்த்துச் சிரித்தார். மூட்டைகளின் மேல், தலையில் துண்டோடு, காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தவன் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துவிட்டான்.

முனிரத்தினம் மூட்டையிலிருந்து குதித்தான். துண்டை இடுப்புக்கு இறக்கினான். கிட்டே வந்தான். நன்றாக இளைத்திருந்தான். கன்னம் ஒட்டியிருந்தது.

"டீச்சர்" என்றான். "இங்க எப்படி?"

"பஸ் நின்றுவிட்டது" என்றேன். அவன் கேட்டது அதை இல்லை என்று எங்கள் இருவருக்குமே தெரியும். "உங்கள் வண்டியில் இடம் இருக்குமா?"

வண்டிக்காரர்தான் அவன் பாவா, கோவிந்தன். இரண்டு மூட்டைகளை நகர்த்தி எனக்கு ஆசனம் செய்துகொடுத்தார். புதுத்துணியின் கஞ்சி வாசனையில், கரி பஸ்ஸை விடச் சுகமாகத் திருத்தணிக்குத் திரும்பினேன்.

ஏன் திரும்பி வரவில்லை என்று நான் கேட்கவில்லை. வழியில் தெரிந்த மலைகளின் பெயரை மட்டும் கேட்டேன். அவன் சொன்னான். பிறகு அவனாகவே தொடங்கினான்.

"நெலத்தைப் பாத்துக்க ஆள் இல்ல, டீச்சர். நைனா போனப்புறம் அம்மா ஒண்டியா..."

முன்னாலிருந்து கோவிந்தன் திரும்பாமலே சொன்னார். "பொய் சொல்லாதடா. நெலத்த நான் தான பாத்துகினு கீறேன். அவங்க எம்மாந்தூரம் வந்துகீறாங்க. இன்னா விஷயம்னு சொல்லேன்."

முனிரத்தினம் மூட்டையின் கயிற்றைப் பிரித்துப் பிரித்துக் கட்டினான்.

"முட்டை காயாமலே பொரிக்குது, டீச்சர்."

நான் சாய்ந்திருந்த மூட்டையிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"ஐப்பசியில சுனையிலேருந்து இறாலைக் கொண்டாந்து சட்டியில விட்டேன். முட்டை போட்டுச்சு, செத்துப்போச்சு. முட்டை தண்ணியிலேயே இருந்துச்சு. நீங்க சொன்னதை நிரூபிக்கத்தான் வெச்சேன். காயாத முட்டை பொரிக்காதுன்னு காட்டணும்னு. ஒருநாள் ஒரு சட்டியில பழைய தண்ணி நாறுதேன்னு வடிச்சுட்டுப் புதுசா மழைத்தண்ணி ஊத்தினேன். பொரிச்சிருச்சு. நான்தான் எதோ தப்பு பண்ணிட்டேன்னு திரும்ப வெச்சேன். திரும்பவும் பொரிச்சுது."

"காய்ந்த தூசி காற்றில் வந்து விழுந்திருக்கலாம் இல்லையா?"

"அதுக்குத்தான் துணி கட்டினேன். அப்பவும் பொரிச்சுது."

"ஏன் எனக்கு எழுதவில்லை?"

அவன் குரல் இறங்கியது. "அந்தக் கட்டுரையை வெச்சுத்தான் உங்களுக்குப் பெரிய பதவி வரப்போவுதுன்னு கல்லூரியில சொன்னாங்க. நீங்க கூட்டியாந்து சோறு போடாத குறையா பாத்துகிட்டீங்க. உங்ககிட்டயே கத்துகிட்டு, நீங்க எழுதினது தப்புன்னு நான் எப்படிங்க எழுதறது? பொய்யாவும் எழுத முடியல. அதான் வந்துட்டேன்."

எனக்குள் இரண்டு எண்ணங்கள் ஒன்றாக எழுந்தன. ஒன்று, என் கட்டுரை போயிற்றே என்பது. இன்னொன்று, இந்தப் பையன் இதை மனதில் வைத்துக்கொண்டு ஆறு மாதம் பேச ஆளில்லாமல் இருந்திருக்கிறானே என்பது. நல்லவேளையாக இரண்டாவதுதான் பெரிதாக இருந்தது.

"என்னை ஆராய்ச்சிக்கு எடுத்தவர் பெரிய அறிவாளி" என்றேன். "அவர் முன்னால் மாற்றி ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை. சொல்லியிருந்தால் கேட்டிருப்பாரோ என்னவோ, தெரியாது. நீ என்னிடம் சொல்லிவிட்டாய். இனி இது உன் ஒருவனுடைய பாரம் இல்லை. சட்டிகளை எனக்குக் காட்டு."

அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். வெயிலுக்காக என்று நினைத்துக்கொள்ளும்படி நான் வேறு பக்கம் பார்த்தேன். கோவிந்தன் மாட்டை அதட்டினார், அது நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அன்று மாலை எங்களுக்கு அதிர்ஷ்டம் இருந்தது. மேற்கே கறுத்து, காற்று புழுதியை வாரி இறைத்து, கோடை மழை கொட்டியது. கன்னியம்மா அண்டா, குண்டான், சொம்பு என்று வீட்டில் இருந்ததையெல்லாம் முற்றத்தில் பரப்பினார். "பூச்சிக்குத் தண்ணி புடிக்கறேன்" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னபோது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மழை விட்டதும் வேலையைத் தொடங்கினோம். மூன்று வகையாக வைத்தோம். சில சட்டிகளில் பழைய நீரை அப்படியே விட்டோம். சிலவற்றில் பழைய நீரை வடித்து மழைநீர் ஊற்றினோம். மேலும் சிலவற்றில், அவன் முன்பே காயவைத்து எடுத்துவைத்திருந்த மண்ணில் மழைநீர் ஊற்றினோம். அவன் வடிக்கும் விதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடியில் ஒரு விரல் நீரை விட்டு, மீதியைத் துணி வழியே மெதுவாக, ஒரு முட்டைகூடக் காற்றைத் தொடாதபடி இறக்கினான். இதை நான் அவனுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. ஒரு சட்டியை ஆடு குடித்துவிட்டதாகவும், அந்த ஆட்டை இரண்டு நாள் தான் மன்னிக்கவில்லை என்றும் சொன்னான். வண்டியில் பார்த்தபோது இருந்த முகம் இப்போது இல்லை.

மறுநாள் காலை சட்டிகளில் ஒன்றும் தெரியவில்லை. அவன் வரிசையைச் சுற்றிச் சுற்றி வந்தான். "பார்த்துக்கொண்டே இருந்தால் பொரிக்காது. வா, சுனையைக் காட்டு" என்று மலைக்குக் கூட்டிப்போனேன். கன்னியம்மாவும் கூடவே வந்தார்.

படிகளில் எனக்கு மூச்சு வாங்கியது. எங்கள் ஊர்க் கோயில்களில் இந்த ஏற்றமெல்லாம் இல்லை. ஒரு குழந்தை காவடியைத் தூக்க முடியாமல் அப்பாவிடம் கொடுத்துவிட்டு, கொஞ்ச தூரம் போனதும் திரும்பக் கேட்டு அழுதது. தரிசனம் முடிந்ததும் முனிரத்தினம் பாறைகளுக்கு நடுவே இறங்கி, கோடையிலும் வற்றாமல் கொஞ்சம் நீர் தங்கியிருந்த ஒரு சுனையைக் காட்டினான். "இது காஞ்சு நான் பாத்ததே இல்ல, டீச்சர். ஆனா மழை வந்தா இதுலயும் இறால் வரும். சின்ன வயசுலேருந்து பாத்துகினு தான் இருந்தேன். அப்ப எனக்கு இதுல ஒரு கேள்வி இருக்குன்னே தெரியல." மாதிரி எடுக்க அவன் பாறை விளிம்பில் படுத்துக்கொண்டு கையை நீட்டினான்.

நானும் கன்னியம்மாவும் நிழலில் உட்கார்ந்தோம். அவர் மடியிலிருந்து வறுத்த வேர்க்கடலையை எடுத்துக் கொடுத்தார்.

"கோவிந்தன் எல்லாத்தையும் சொன்னாரு" என்றார். "நீங்க எழுதினத எம் புள்ள தப்புன்றானாமே."

"அப்படித்தான் தெரிகிறது."

"உங்களுக்குக் கோவம் வரலீங்களா?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. "கொஞ்சம் வலித்தது, அம்மா. ஆனால் அது அவன் மேல் இல்லை."

அவர் தோலை ஊதிவிட்டு யோசித்தார். "அவங்க நைனா கிட்ட ஏர் புடிக்கக் கத்துகினு இருந்தப்ப ஒருநாள், நைனா, இந்தப் பக்கம் மேடு, தண்ணி ஏறாதுன்னான். அவரு ஓங்கி ஒரு அறை உட்டாரு. தண்ணி ஏறல. ஆனா அதுக்கப்புறம் இவன் எதுவும் சொன்னதில்ல. எல்லாத்தையும் மனசுலயே வெச்சிகினு இருப்பான்." கொஞ்சம் நிறுத்தினார். "நீங்க அவன அடிக்க மாட்டீங்கன்னு அவனுக்குத் தெரியும். இருந்தாலும் பயந்துட்டான்."

நான் சுனைப் பக்கம் பார்த்தேன். அவன் சேற்றுக் கையோடு எழுந்து எங்களைப் பார்த்துக் கையாட்டினான்.

அதற்கு மறுநாள் விடிந்ததும் சத்திரத்திலிருந்து நேரே அங்கே போனேன். முனிரத்தினம் சட்டிகளின் துணியைக்கூட அவிழ்க்காமல் எனக்காகக் காத்திருந்தான். பையிலிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்தேன், ஆனால் குனியவில்லை.

"நான் பார்த்தால், என் கட்டுரைக்காக, இருப்பதும் இல்லை என்று தோன்றும். நீ பார்த்தால் பயத்தில் இருப்பதும் தெரியாது. உன் அம்மா பார்க்கட்டும். எது எந்தச் சட்டி என்று சொல்லாதே."

கன்னியம்மா வெட்கப்பட்டார். கண்ணாடியை எப்படிப் பிடிப்பது என்று காட்டினேன். ஒரு சொம்பில் முகந்து, வெயில் விழும்படி சாய்த்துப் பிடித்தார். முதல் சட்டி, ஒன்றும் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் அவர் அசையாமல் நின்றார்.

"எதோ தும்பு மாதிரி கீது" என்றார். "இல்ல, தும்பு இல்ல. துடிச்சிகினு கீது. ஐய, நெறைய கீதுடா."

பழைய நீர் இருந்த சட்டிகளில் எதுவும் இல்லை. காய்ந்த மண் சட்டிகளில் குஞ்சுகள் இருந்தன. காயவே காயாமல் புதுநீர் மட்டும் பெற்ற சட்டிகளிலும் இருந்தன. கடைசியில் நானும் குனிந்து பார்த்தேன். புள்ளி புள்ளியாக, வெளிச்சத்தை நோக்கித் தெறித்துத் தெறித்து நீந்தின. அவை எவ்வளவு அழகு என்று தெரிந்தவள் நான். என் கட்டுரையைக் கவிழ்த்த அந்தக் காலையிலும் அவை அழகாகத்தான் இருந்தன.

"உன்னுடையதுதான் சரி" என்றேன்.

அவன் புங்கமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். கன்னியம்மா எங்களில் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு களியோடு உட்கார்ந்து பேசினோம். இந்த முறை நான் மெல்லவில்லை. "இதை நான் மட்டும் பார்த்துச் சரி சொன்னால் போதாது. என் கட்டுரை சம்பந்தப்பட்டது. சென்னையில் எனக்குத் தெரிந்த ஒரு பேராசிரியை இருக்கிறார், யாருக்கும் தயவு பார்க்காதவர். அவர் ஒருமுறை திரும்பச் செய்து பார்க்கட்டும். ஆய்வுக்கூடத்தில் யாரிடம் வேண்டுமானாலும் காட்டு, யாரிடம் வேண்டுமானாலும் கேள். வாரத்தில் ஒருநாள் நாம் இருவரும் உட்கார்ந்து பேசுவோம். நான் சொல்வதில் ஒன்றையாவது நீ மறுத்தால்தான் உன்னை எழுந்திருக்க விடுவேன்" என்றேன்.

"கட்டுரையில உங்க பேரை முன்னாடி போடுவேன், டீச்சர்."

"நான் எழுதியது தவறு என்று சொல்லும் கட்டுரையில் நானே எதற்கு? உன் பெயர் மட்டும் போதும்."

"உதவிக்கு நன்றின்னு கடைசியில..."

"அதைப் போடு. உன் அம்மாவுக்கும் போடு. முதலில் பார்த்தது அவர்தான்."

கன்னியம்மா இதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். பின்னால் அது உண்மையாகவே அச்சில் வந்தது.

துறைத் தலைவரிடம் நான் இதையெல்லாம் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அந்தப் பெரிய பதவி அந்த வருஷம் எனக்குக் கிடைக்கவில்லை. காரணம் இதுதானா என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கல்லூரி திறந்த வாரம் முனிரத்தினத்தின் பெயர் பதிவேட்டில் அடிக்கப்படாமல் இருந்தது. எனக்கு அது போதுமாயிருந்தது.

திருத்தணியை விட்டுக் கிளம்பிய அன்று ஸ்டேஷனுக்கு எல்லோரும் வந்தார்கள். கன்னியம்மா ஒரு துணிப்பையில் வேர்க்கடலையும், வழிக்கென்று புளிச்சோறும் கொடுத்தார். அரிசி எங்கிருந்து கிடைத்தது என்று கேட்கக் கூடாது என்று கண்ணாலேயே சொல்லிவிட்டார். கோவிந்தன் பெட்டியை ஏற்றி வைத்தார். முனிரத்தினம் அடுத்த வாரம் வருவதாக ஏற்பாடு. சன்னலோரம் நின்றான்.

எனக்கு இரண்டு நாளாக ஓர் எண்ணம் இருந்தது. அதைச் சொன்னேன். "யோசித்துப் பார்த்தேன், முனிரத்தினம். எங்கள் ஊர்க் குட்டைகள் சேற்று நிலம், வருஷா வருஷம் காய்பவை. உங்களுடையது பாறைச் சுனை. இரண்டு ஊர் இறாலுக்கும் பழக்கம் வேறாக இருக்கலாம். உங்கள் ஊருக்கு நீ சொல்வதும், எங்கள் ஊருக்கு நான் சொன்னதும் சரியாக இருக்கலாம்."

அவன் தலை குனிந்தான். சரி என்று சொல்லிவிடப் போகிறான் என்று நினைத்தேன்.

"இல்லீங்க, டீச்சர்" என்றான்.

வண்டி ஊதியது.

"ரெண்டும் ஒரே இறால் தான். கால்களை எண்ணிப் பாத்திருக்கேன், கொம்பை வரைஞ்சு பாத்திருக்கேன். நீங்க காயவெச்ச மண்ணுல தண்ணி ஊத்தினீங்க, அதனால காஞ்சதும் புதுத்தண்ணியும் ஒண்ணா வந்துருச்சு. ரெண்டையும் பிரிச்சுப் பாக்கல. பிரிச்சா உங்க ஊர் முட்டையும் காயாமலே பொரிக்கும்."

"அது எப்படி நிச்சயமாகச் சொல்கிறாய்?"

வண்டி நகர்ந்தது. அவனும் நகர்ந்தான். "நிச்சயமா சொல்லல, டீச்சர். ஆனா நீங்க சொல்றது தான் அதைவிட நிச்சயமில்லாம இருக்கு. மண்ணு வேறன்னா, மண்ணை மாத்தி வெச்சுப் பாத்துடலாம். உங்க ஊர் மண்ணை இங்க..." கூட்டத்தில் ஒருவரை இடித்தான். மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடி ஓட்டமும் நடையுமாகச் சன்னலுக்கு வந்தான். நான் ஒரு மறுப்புச் சொன்னேன். அதையும் மறுத்தான். பின்னால் கன்னியம்மா, மகன் வாத்தியாரோடு சண்டை போடுகிறானே என்று வாயில் கைவைத்து நின்றார்.

வண்டி வேகம் பிடித்தது. அவன் கடைசியாக என்ன சொன்னான் என்பது எனக்குக் கேட்கவில்லை. பிளாட்பாரத்தின் முனையில் நின்று, கைகளை விரித்து எதையோ விளக்கிக்கொண்டு, இல்லை இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். கண்ணுக்குத் தெரிந்த வரை நான் சன்னலிலிருந்து தலையை உள்ளே இழுக்கவில்லை.